மலையேறி நிதி திரட்டுகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

அறநிறுவனத்துக்குப் பணம் திரட்ட மலையேறப் போகிறவர்களின் கடிதங்கள் சில மாதங்களாகவே வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை மலேசியாவின் சாபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலையைப் பற்றியவை. சிங்கப்பூரிலிருந்து இரண்டரை மணி நேர விமானப் பயணம், இரண்டு பகல் ஓர் இரவில் ஏறி இறங்கிவிடலாம் என்பதால் அது இயல்புதான். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து எட்டுக் கேள்விகளாகத் தந்திருக்கிறோம்.

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் கினபாலு ஏறி, சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறநிறுவனத்துக்கு 15,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திரட்ட இருக்கிறோம். விமானச் சீட்டு, வழிகாட்டிக் கட்டணம் போன்றவற்றைத் திரட்டும் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமா? – வாசகி, ஈசூன்

வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் பக்கத்து மேசைக்காரர் 50 வெள்ளி தருகிறார் என்றால், அது யாரோ ஒருவருடைய டயாலிசிஸ் செலவுக்குப் போகிறது என்று நம்பித்தான் தருகிறார். அதில் 20 வெள்ளி உங்கள் விமானச் சீட்டுக்குப் போனது பிறகு தெரியவந்தால், அடுத்த முறை வேறு யார் வந்து கேட்டாலும் அவருக்குக் கொடுக்க மனம் வராது.

விதியையும் சொல்லிவிடுகிறோம். அறநிறுவனங்கள் நிதி திரட்டச் செய்யும் செலவு, திரண்ட தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 15,000 வெள்ளியில் அது 4,500 வெள்ளி. ஐந்து பேரின் பயணச் செலவே அந்த வரம்பை எட்டிவிடலாம். ஆகவே முதல் நாளிலேயே இரண்டு கணக்காகப் பிரித்துவிடுங்கள். ஒன்று பயணக் கணக்கு, அது ஐவரும் கைக்காசு போடுவது. மற்றொன்று நன்கொடைக் கணக்கு, அதில் ஒரு காசுகூட உங்கள் கைக்கு வரக்கூடாது. வேண்டுகோளின் முதல் வரியிலேயே "பயணச் செலவு முழுவதும் எங்களுடையது" என்று எழுதிவிடுங்கள். பலர் கேட்கத் தயங்கும் கேள்விக்கு அது பதிலாக இருக்கும்.

அடுத்தது வரிசை முறை. இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: சீட்டு வாங்கி, டி-சட்டை அச்சடித்து, கடைசியில் அறநிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். முதலில் அறநிறுவனத்துக்கு எழுதுங்கள். உங்கள் பெயரையும் அவர்கள் சின்னத்தையும் சேர்த்துப் போட எழுத்து வடிவில் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு, அந்த நிறுவனம் ஐபிசி எனப்படும் பொதுத் தன்மை வாய்ந்த நிறுவனத் தகுதியை இப்போதும் வைத்திருக்கிறதா என்று அறநிறுவனங்களுக்கான அரசாங்க இணையவாசலில் பாருங்கள். இந்தத் தகுதிக்குக் காலவரம்பு உண்டு. போன ஆண்டு இருந்தது என்பதற்காக இந்த ஆண்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் பின் கிவிங்.எஸ்ஜி என்ற இணைய நன்கொடைத் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரில் உங்கள் குழுவுக்கு ஒரு பக்கம் திறந்தால், பணம் நேராக அங்கே போய்விடும். உங்கள் சொந்த பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்று) எண்ணைக் கொடுத்து வசூலித்து மொத்தமாகக் கட்டுவது சுலபமாகத் தெரியலாம். ஆனால் அப்படிச் செய்தால் கொடுத்தவர் பெயரில் வரிக்கழிவு பதிவாகாது.

வரிக்கழிவு சிறிய விஷயமல்ல. ஐபிசி தகுதியுள்ள நிறுவனத்துக்கு 2026 டிசம்பர் 31 வரை தரும் நன்கொடைக்கு 250 விழுக்காடு கழிவு உண்டு. 100 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறையும். வருமானத்தின் மேல்படி 11.5 விழுக்காட்டு வரிவிகிதத்தில் உள்ளவருக்கு 28 வெள்ளி 75 காசு மிச்சம். 7 விழுக்காட்டில் உள்ளவருக்கு 17 வெள்ளி 50 காசு. இதற்கு அடையாள அட்டை எண்ணைத் தந்தே ஆகவேண்டும். எண்ணைத் தர விரும்பாதவர்களை வற்புறுத்தாதீர்கள், கழிவு கிடைக்காது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: உணவங்காடியிலோ எம்ஆர்டி வாசலிலோ உண்டியல் ஏந்தி நிற்பதற்கு உரிமம் வேண்டும். அதை அறநிறுவனத்தின் மூலமாகவே கேளுங்கள்.

தஞ்சாவூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித்தர ஆசை. மலையேறி இங்கே பணம் திரட்டி ஊருக்கு அனுப்பலாமா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அனுமதி வாங்காமல் கூடாது. வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் பணம் கேட்க, அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே தேவை. பொதுவான நிபந்தனை, செலவு போக மிஞ்சும் தொகையில் 80 விழுக்காட்டையாவது சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது. பொதுமக்களிடம் போகாமல் தனிப்பட்ட முறையில் திரட்டும்போது இதில் தளர்வு கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் யாரும் பார்க்கக்கூடிய ஃபேஸ்புக் பதிவைத் தனிப்பட்ட முறை என்று சொல்லிக்கொள்ள முடியாது. இந்தப் பணத்துக்கு வரிக்கழிவும் கிடையாது.

ஊர்ப் பக்கத்திலும் ஒரு கதவு இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் இந்திய அமைப்பு, எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குப் பெரும்பாலும் அந்தப் பதிவு இருக்காது. நீங்கள் இந்தியக் குடிமகனாக இருந்து உங்கள் சொந்தச் சேமிப்பை அனுப்புவது வேறு கணக்கு, அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற நண்பர் தருவது ஆகும். கழிப்பறைக்குச் சொந்தப் பணத்தை அனுப்பிவிட்டு, மலையேற்றத்தை உள்ளூர் அறநிறுவனம் ஒன்றுக்காகச் செய்வதே உங்களுக்கு ஏற்ற வழி என்று நினைக்கிறோம்.

சிங்கப்பூரில் மலையே இல்லையே, எங்கே பயிற்சி செய்வது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்கில் படி ஏறினால் போதுமா? – வாசகர், செங்காங்

போதும், ஆனால் இறங்குவதற்கு மின்தூக்கியில் ஏறிவிடாதீர்கள். கினபாலுவில் ஆட்களை முடக்குவது பெரும்பாலும் இறக்கம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஏறத் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் ஆறு கிலோமீட்டர் நடந்து பனலாபான் தங்குமிடத்தை அடைகிறீர்கள், அது ஏறத்தாழ 3,270 மீட்டர். அதாவது ஒரே நாளில் 1,400 மீட்டர் ஏற்றம். இங்குள்ள புக்கிட் தீமா குன்றின் உச்சியே 164 மீட்டர்தான். அடிவாரத்து வருகையாளர் நிலையத்திலிருந்து ஏறுவது அதிலும் குறைவு. வீவக மாடி ஒன்றுக்கு 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் நாள் ஏற்றம் 500 மாடிகளுக்குச் சமம். இரண்டாம் நாள் அதிகாலை இரண்டரை மணி வாக்கில் கிளம்பி 4,095 மீட்டர் உச்சிக்கு மேலும் 800 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறுகிறீர்கள். பிறகு அன்றே திம்போஹோன் வரை 2,229 மீட்டர் இறக்கம். கிட்டத்தட்ட 800 மாடி!

இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் இதனால் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்கு வரும். இதே வேலையை ஒருமுறை செய்து பழகிய தசைக்கு அடுத்த சில வாரங்களுக்குச் சேதம் குறையும். அதனால்தான் பயிற்சியில் இறக்கத்தை விட்டுவிடக்கூடாது. முழங்கால் ஏற்கெனவே வலிக்கிறவர்கள் முதல் மூன்று வாரம் பாதிச் சுற்றுகளுக்கு மின்தூக்கியில் இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

12 வாரம் ஒதுக்குங்கள். 12 மாடிப் புளோக்கில் கீழிருந்து மேல்தளம் வரை சுமார் 31 மீட்டர். முதல் மூன்று வாரம், வாரத்துக்கு இருமுறை, எட்டுச் சுற்று ஏறி இறங்குங்கள். வாரத்துக்கு இரண்டு சுற்று கூட்டிக்கொண்டே போய், பத்தாம் வாரத்தில் 22 சுற்றை எட்டுங்கள். ஐந்தாம் வாரம் முதல் முதுகுப்பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் இரண்டு, எட்டாம் வாரம் முதல் நான்கு. அது ஆறு கிலோ. சனிக்கிழமை புக்கிட் தீமாவில் மூன்று மணி நேரம், மறுநாள் ஞாயிறு களைத்த காலோடு மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பாதையில் இரண்டு மணி நேரம் என்று அடுத்தடுத்த நாள் நடையும் வேண்டும், ஏனென்றால் மலை உங்களை இரண்டாம் நாளும் நடக்க வைக்கும். கடைசிப் பத்து நாள் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

வீவக படி ஒவ்வொன்றும் ஒரே உயரம், கினபாலு படிகள் அப்படியல்ல. வேரும் பாறையும் மரக்கட்டையும் கலந்து, சில இடங்களில் முழங்கால் அளவுக்கு உயர்ந்துவிடும். அதனால் நான்கில் ஒரு சுற்று இரண்டிரண்டு படியாக ஏறுங்கள். புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியில் நீண்ட பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 54 வயது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் மாத்திரையில் கட்டுப்பாட்டில் உள்ளன. ஏறலாமா? உயரத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே? – வாசகர், பிடோக்

இந்த இரண்டும் இருப்பதால் மட்டும் ஏறக்கூடாது என்றில்லை. ஆனால் முடிவு உங்கள் மருத்துவருடையது. பலதுறை மருந்தகத்துக்கு மூன்று மாதம் முன்பே போங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் போனால், மாத்திரையை மாற்றிப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. கேட்கவேண்டியவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: இதயச் சோதனை தேவையா, எந்த மாத்திரையை ஏறும் நாளில் குறைக்க வேண்டும், சிறுநீர் அதிகம் போகவைக்கும் ரத்த அழுத்த மாத்திரை எதுவும் இருக்கிறதா.

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. உயர நோயை, அதாவது உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உபாதையை, தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையும் சிறுநீரைக் கூட்டும், இரண்டும் சேர்ந்தால் உடலில் நீர் வற்றிவிடும். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். விரல் நுனி மதமதக்கும், சோடா பானங்கள் சப்பென்று இருக்கும். இவற்றை மலையில் முதல்முறையாக அனுபவித்துப் பயப்படாமல் இருக்க, மருத்துவர் சம்மதித்தால் இங்கேயே ஒரு வாரயிறுதியில் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். நீரிழிவால் ஏற்கெனவே விரல் மதமதப்பு உள்ளவர்கள் எது எது என்று பிரித்தறிய இது உதவும்.

சர்க்கரை அளவுக் கருவி குளிரில் தவறாகக் காட்டலாம், சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். இன்சுலின் போடுபவர்களும் அப்படியே, அது உறைந்துவிடக்கூடாது.

மாத்திரையைவிட நல்லது படிப்படியாக உயர்வது. 3,000 மீட்டருக்கு மேல் இரவுத் தங்கலை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொது நெறி. கோத்தா கினபாலுவின் கடல்மட்டத்தில் தூங்கி மறுநாள் இரவு 3,270 மீட்டரில் படுப்பது அந்த நெறிக்கு வெகுதூரம். அதனால் முந்தைய இரவை 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள பூங்காத் தலைமையகப் பகுதியிலோ குண்டசாங்கிலோ கழியுங்கள். கூடுதல் செலவுதான், ஆனாலும் எங்களைக் கேட்டால் வேறு எதையாவது குறைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள் என்போம்.

"மீட்டருக்கு ஒரு காசு" என்று 60 பேரிடம் வாக்குறுதி வாங்கியிருக்கிறேன். உச்சியை எட்டாவிட்டால் பணம் குறைந்துவிடுமே? – வாசகி, தெம்பனீஸ்

இந்த வாக்குறுதியை இன்றே மாற்றி எழுதுங்கள். கிடைத்த கடிதங்களில் எங்களை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான்.

உச்சி 4,095 மீட்டர் என்பதால் ஒருவர் தருவது 40 வெள்ளி 95 காசு. உச்சிக்குக் கீழே 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி இருக்கிறது. இருட்டில், பெயர் அட்டையைக் காட்டிப் பதிந்துகொண்டு, பாறைமேல் கட்டிய கயிற்றைப் பிடித்து மேலே போகும் இடம். குறித்த நேரத்துக்குள் அங்கே வராதவர்களை மேலே விடமாட்டார்கள். அங்கே உங்களுக்குத் தலை பிளக்கிறது, குமட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பினால் இழப்பது ஆளுக்கு 4 வெள்ளி 27 காசு, 60 பேருக்கும் சேர்த்து 256 வெள்ளி 20 காசு. அந்த 256 வெள்ளிக்காகத் தலைவலியை வழிகாட்டியிடம் சொல்லாமல் மறைக்கும் நிலைக்கு உங்களை நீங்களே தள்ளிவிட்டீர்கள். நல்ல மனம் படைத்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் நினைப்பது தங்களை அல்ல, நோயாளியை.

உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, மிகுந்த அசதி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு, அது தீரும்வரை மேலே ஏறாதீர்கள். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. இறங்குவதே முதல் மருந்து.

உடம்பு நன்றாக இருந்தும் போக முடியாமல் ஆகலாம். பலத்த மழை பெய்தால் கிரானைட் பாறையில் தண்ணீர் அருவியாக ஓடும், பாதையை மூடிவிடுவார்கள். 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் 18 பேரைப் பறிகொடுத்த மலை இது. அவர்களில் நம் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உண்டு. கடசான்-டூசுன் மக்கள் அதைத் தங்கள் முன்னோரின் ஆவிகள் உறையும் இடமாகப் போற்றுகிறார்கள். வழிகாட்டி "போதும், திரும்பலாம்" என்றால் அவரிடம் பேரம் பேசாதீர்கள்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? உங்கள் கையில் இருப்பதற்கு வாக்குறுதி வாங்குங்கள். "12 வாரத்தில் 4,000 மாடி ஏறி இறங்குவேன், 100 மாடிக்கு ஒரு வெள்ளி" என்றால் ஆளுக்கு 40 வெள்ளி. தொகை ஏறக்குறைய அதேதான். வாரம் ஒருமுறை எத்தனை மாடி முடிந்தது என்று சொல்லிக்கொண்டே வரலாம், நினைவூட்டலாகவும் இருக்கும். பணத்தையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து 60 பேரைத் துரத்தினால் பாதிப் பேரிடம் கேட்கவே கூச்சமாக இருக்கும்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கும் குளிருக்கும் என்ன எடுத்துப் போவது? – வாசகி, சுவா சூ காங்

மலையேற்றத் தொகுப்பைப் பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கேளுங்கள், முட்டையும் மீன் குழம்புச் சாறும் கூடாது என்பதையும் சேர்த்து. முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை நன்றாகத் தாங்கும். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம். உயரத்தில் பசி மந்தமாகும். அதிகாலை ஏற்றத்துக்குப் பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் போலச் சிறு துண்டுகளாக வாயில் போடக்கூடியவை மேல். கடலை மிட்டாய் குளிரில் கல்லாகும், வீட்டிலேயே உடைத்து எடுத்துப் போங்கள்.

விடியும் முன் உச்சியில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருக்கும், காற்று வேறு. உள்ளே வியர்வையை உலர்த்தும் சட்டை, நடுவே கம்பளி போல் சூடு தரும் ஃபிளீஸ் சட்டை, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். கயிற்றைப் பிடிக்க உள்ளங்கையில் பிடிமானம் உள்ள கையுறை, தலைவிளக்கு, அதற்கு மாற்று பேட்டரி.

அங்கே சுமைதூக்குபவர்கள் பலர் அணிவது "அடிடாஸ் கம்போங்" என்று மலேசியாவில் செல்லமாகச் சொல்லும் விலை மலிந்த கறுப்பு ரப்பர் காலணி. ஈரப்பாறையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் குதிகாலுக்கு மெத்தை கிடையாது, பழகாத காலுக்கு நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். எந்தக் காலணியானாலும் ஒரு மாதம் பழக்கிவிட்டுப் போங்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் நன்றாக அழுத்திக்கொண்டு, கணுக்கால் பக்கத்து நாடாவை மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னே நழுவிப் பெருவிரல் நகம் இடிபட்டுக் கறுத்துப்போவதை இது தடுக்கும்.

கினபாலுவைவிடப் பெரிதாக, கிளிமஞ்சாரோ போனால் நன்கொடை கூடுமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

நன்கொடை கூடுவது உங்களை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்தது. மலையின் உயரத்தை வைத்து யாரும் பணத்தை அளந்து தருவதில்லை. கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர், உச்சியில் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் பாதி. கயிறு தேவையில்லாத நடை என்பதால் சுலபம் என்று நினைக்கிறார்கள். மரங்கு பாதையில் ஐந்து நாளில் ஏறி இறங்கும் தொகுப்பு மலிவாகக் கிடைக்கும், அதில் உடல் பழக நேரமே இல்லை. மச்சாமே வழியில் ஏழு நாள், லெமோஷோ வழியில் எட்டு நாள் என்று எடுத்தால்தான் போங்கள். சுமைதூக்குபவர் ஒருவருக்கு 20 கிலோ வரம்பு மீறப்படுகிறதா, கூலி முழுமையாகப் போகிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அறப்பணிக்காக ஏறுபவர் இதைக் கேட்காமல் இருக்கலாமா?

காப்புறுதியையும் பாருங்கள். வழக்கமான பயணக் காப்புறுதிகள் பலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றத்துக்கு இழப்பீடு இல்லை. விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல், ஒப்பந்தத்தில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது என்பதைத் தேடிப் படியுங்கள். மீட்பு ஹெலிகாப்டர் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும்.

ஏறி முடித்து வந்தாயிற்று. இனி என்ன செய்ய வேண்டும்? – வாசகர், தோ பாயோ

ஒரு வாரத்துக்குள் நிதிப் பக்கத்தை மூடும் தேதியை அறிவித்து, அந்தத் தேதியில் மூடிவிடுங்கள். கையில் ரொக்கமாக வந்தது இருந்தால் பெயர், தொகை, தேதி எழுதிய பட்டியலோடு இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்டு அறநிறுவனத்தில் கட்டி, ரசீது வாங்குங்கள். பிறகு கொடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே செய்தி: மொத்தம் எத்தனை வெள்ளி, எத்தனை பேர் கொடுத்தார்கள், எந்தத் தேதியில் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பயணச் செலவு யார் கையிலிருந்து போனது. உச்சிப் படத்தை அதற்குக் கீழே வையுங்கள், எண்கள் மேலே இருக்கட்டும். ஐந்து வெள்ளி கொடுத்தவருக்கும் 500 வெள்ளி கொடுத்தவருக்கும் அதே செய்தி போக வேண்டும். அறநிறுவனம் அந்தப் பணத்தை எதற்குச் செலவிட்டது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டு, அதையும் இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.